சோலோ என்றால்...

மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது.

ஸ்கூட்டி சாவியைக் கையில் பிடித்தபடி மாடிப்படி இறங்கி வந்த தமிழினி, போர்ட்டிகோவிலேயே நின்றுவிட்டாள். அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஏற்காடு ரோட்டில் போன வண்டிகளெல்லாம் வெள்ளைத் திரைக்குப் பின்னால் நகரும் நிழல்களாகத் தெரிந்தன.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எலும்பு டாக்டரின் கிளினிக். மாடியில் வெளிநாட்டு மொழிகள் சொல்லித்தரும் ஒரு சிறிய பயிற்சி நிலையம். தமிழினி அங்கே ஸ்பானிஷ் ஆசிரியை. வயது இருபத்தேழு. சொந்த ஊர் வாழப்பாடி. ஸ்பெயினை அவள் பார்த்ததில்லை. கடலைக்கூட மெரினாவில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. கிளினிக் வாசலில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்த விடைத்தாள்களை எடுத்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்... ஒரு அடித்தல்... ஒரு பெருமூச்சு. நான்காவது தாளை எடுக்கும்போது காற்று குறுக்கே புகுந்தது. மூன்றாவது தாள் பறந்துபோய், தூணில் சாய்ந்து நின்றிருந்த ஒருவனின் மார்பில் ஒட்டிக்கொண்டது.

அவன் இடது கையால் அதை எடுத்தான். வலது கை முழுக்கக் கட்டு. தாளைத் திருப்பித் தருவான் என்று அவள் கையை நீட்டினாள். அவனோ நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான்!

"ஏனுங்க... இதுக்கு எதுக்குங்க தப்பு போட்டிருக்கீங்க?"

"குடுங்க அத. ஸ்டூடன்ட் பேப்பர். கண்டவங்கல்லாம் படிக்கக் கூடாது."

"படிக்கலீங்க. கண்ணுல பட்டுப்போச்சு. ஆந்தோ சோலா... சரியாத்தானுங்களே எழுதியிருக்குது புள்ள?"

நீட்டிய கை அப்படியே நின்றது. இந்த ஊரில் தன் மாணவர்களைத் தவிர வேறு ஒரு வாயிலிருந்து அவள் ஸ்பானிஷ் கேட்டதே இல்லை. அதுவும் இப்படி... நாக்கில் தேய்ந்து, பழகி, வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி.

அவள் சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். டீச்சர் அல்லவா!

"'தனியா இருக்கேன்'னு மொழிபெயர்க்கச் சொன்னேன். சோலோன்னா தனி. பொண்ணு சொன்னா சோலா. 'எஸ்தோய் சோலா'ன்னு எழுதணும். ஆந்தோன்னா நடக்கறேன். தனியா நடக்கறேன்னு எழுதி வச்சிருக்கா. தப்புதான்."

"புஸ்தகத்துல அப்படி இருக்குமாட்ட இருக்குதுங்க." அவன் தாளை மடிக்காமல் பதனமாகத் தந்தான். "எஸ்தோய் சோலோன்னா இப்போதைக்குப் பக்கத்துல ஆளில்லைன்னு அர்த்தமுங்க. சித்த நேரத்துல ஆராச்சும் வந்துருவாங்க. ஆந்தோ சோலோன்னா... போற பக்கமெல்லாம் தனியாவே திரியறேன்னு அர்த்தம். நான் ரெண்டு வருசம் அப்படித் திரிஞ்சவனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கண்கள் மட்டும் மழைக்கு அந்தப்பக்கம் எங்கோ தொலைவில் இருந்தன.

அவளுக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. மழை முழுசாக விடுவதற்குள்ளேயே ஸ்கூட்டியைக் கிளப்பி நனைந்துகொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் தலைகூடத் துவட்டாமல் பெரிய அகராதியைப் புரட்டினாள். அதில் இருந்தது. நடப்பது என்ற அந்த வினைச்சொல்லுக்கு ஏழாவது பொருளாக, சிறிய எழுத்தில்... 'ஒரு நிலையிலேயே இருந்து வருதல்.' மாணவியின் தாளில் அடித்ததைத் திருத்தி மதிப்பெண் போட்டாள். பிறகு வெகுநேரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போகிற பக்கமெல்லாம் தனியாகவே... என்று அவன் சொன்ன விதம் காதைவிட்டுப் போகவில்லை.

*

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் படியிறங்கினாள். மழை இல்லை. காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள்... எதுவும் தொலையவில்லை என்று அவளுக்கே தெரியும்.

கதவு திறந்தது. அவன்!

"மார்க் குடுத்துட்டேன்," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"முழுசாங்களா, பாதிங்களா?"

"முழுசா."

"அப்ப சரிங்க. அந்தப் புள்ள நல்லா இருக்கோணும்."

அவன் பெயர் சபரிநாதன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு ரிக் போகாத நாடு ஏது? அவனுடைய ரிக் ஆப்பிரிக்காவில், ஈக்வடோரியல் கினி என்ற சின்ன நாட்டுக்குப் போயிருந்தது. அங்கே எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். பாட்டா என்ற கடற்கரை ஊரில் இரண்டு வருஷம். நான்கு மாதத்துக்கு முன் பைப் மாட்டும்போது வலது கை நசுங்கி ஊர் வந்தவன், ஆபரேஷன் முடிந்து செவ்வாயும் வெள்ளியும் இந்த கிளினிக்கில் விரல்களுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க படிச்சீங்க ஸ்பானிஷ்?"

"படிக்கிறதாங்க? பத்தாவதுல தமிழ்லயே முப்பத்தஞ்சு மார்க்குங்க. காதால கேட்டதுதான். எழுதச் சொன்னா ஒரு எழுத்து வராது."

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாதவனிடம் சொன்னாள். எழுத்துத் தேர்வில் அவள் எப்போதும் முதல். பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். எதிரே ஆள் உட்கார்ந்தாலே வாக்கியம் தொண்டையில் இலக்கணம் சரிபார்த்துக்கொண்டு நின்றுவிடும். அந்தச் சான்றிதழ் வந்தால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி வேலை உறுதி.

"அதுக்கென்னங்க... என்ற கூடப் பேசுங்க. எனக்கு எலக்கணமே தெரியாதுங்களே, தப்பா பேசினாலும் நான் கண்டுபிடிக்கப் போறதில்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று.

*

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளி. நாலரை மணிக்கு அவன் பயிற்சி முடியும். நாலே முக்காலுக்கு அவள் வகுப்பு முடியும். எதிர்ச் சந்தில் ஒரு தட்டுவடை செட் கடை. நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மொறுமொறுவென்ற தட்டுவடைக்குள் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியுமாக அடுக்கித் தருவார்கள். அவன் அதை இடது கையால் சாப்பிடப் படும் பாட்டைப் பார்த்தால்... அவளுக்குச் சிரிப்பும் வரும், எடுத்து ஊட்டிவிடலாமா என்றும் தோன்றும். சீச்சீ, என்ன நினைப்பு இது!

ஒருநாள் டீ சொன்னபோது அவன், "எனக்குப் பால் ஊத்தாதீங்க" என்றான்.

"பால் பிடிக்காதா?"

"அது ஒரு கதைங்க. பாட்டாவுல மொத நாளு ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். காப்பி கேட்டேன். அந்தக் கடைக்கார அம்மா என்னயப் பாத்து, 'சோலோ?'ன்னு கேட்டுது. நான் என்ன நெனச்சேன்... பாவம், தனியா வந்தியா சாமின்னு கேக்குதுன்னு நெனச்சுட்டேனுங்க. 'சீ, சோலோ'ன்னு சொன்னேன். ஆமாங்க, தனியாத்தான் வந்தேன்னு."

தமிழினிக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். காபியோடு சேர்ந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். காஃபே சோலோ... எதுவும் சேர்க்காத, பாலில்லாத கறுப்புக் காபி!

"கட்டங்காப்பி வந்துச்சு. அங்கெல்லாம் இப்படித்தான் போலன்னு குடிச்சேன். அடுத்த நாளும் அந்தம்மா 'சோலோ?'ங்குது. நானும் ஆமாங்கறேன். நாலு மாசமுங்க! பக்கத்து மேசைக்காரன் பால் காப்பி குடிக்கிறான், எனக்கு மட்டும் குடுக்க மாட்டீங்கறாங்க. ஒருவேள குடும்பத்தோட வந்தாத்தான் பால் ஊத்துவாங்களோன்னுகூட நெனச்சேன்."

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"ஆனா ஒண்ணுங்க... அர்த்தம் தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நாலு மாசமா தெனமும் ஒரு அம்மா, தனியா வந்தியான்னு அக்கறையாக் கேக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். பாத்தா... காப்பியத்தான் கேட்டிருக்குது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டுப்போட்ட கைமேல் தன் கையை வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. தட்டிலிருந்த கடைசித் தட்டுவடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவள் அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தாள். அவன் எல்லாவற்றுக்கும் சோலோ என்றே சொல்வான். பெண்ணுக்கும் சோலோ, ஊருக்கும் சோலோ.

"உங்கம்மா வீட்ல தனியா இருக்காங்கன்னு எப்படிச் சொல்வீங்க?"

"மீ மத்ரே எஸ்தா சோலோ."

"தப்பு. அம்மா பொம்பளை. சோலா."

"தனியாக் கெடக்கறதுலயும் ஆம்பள பொம்பள பாக்கறாங்களாக்கும்!" என்று கேலியாகத் தொடங்கியவன், மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "மீ மத்ரே... எஸ்தா சோலா." "எங்கப்பா போயி ஆறு வருசமாச்சுங்க. நான் அங்க தனியா இருக்கறதையே நெனச்சிட்டு இருந்துட்டேன். அம்மா தனியா இருந்தத நெனச்சே பாக்கலைங்க."

வேறொரு நாள் பலத்த மழை. கடையில் யாருமில்லை. கடைக்காரர்கூட உள்ளே எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அவள் அன்றைக்குப் பன்மை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்னா சோலோ. ரெண்டு பேர்னா சோலோஸ்."

"இதென்னங்க அநியாயம்? ரெண்டு பேரு இருந்தா அப்புறம் எங்கீங்க தனி?"

"இருக்கு. மத்தவங்க யாரும் இல்லாம... ரெண்டே பேர் மட்டும் இருந்தா. எஸ்தாமோஸ் சோலோஸ். நாம..."

சொல்லி முடிக்கும்போதுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மழைச் சத்தம். காலி ஸ்டூல்கள். எதிரே அவன். அந்தக் கண்கள் இப்போது தொலைவில் இல்லை... மிக அருகில், அவள் முகத்திலேயே இருந்தன.

"எஸ்தாமோஸ் சோலோஸ்," என்று அவன் திருப்பிச் சொன்னான். உச்சரிப்பில் ஒரு தப்பும் இல்லை.

அவள் குனிந்து நோட்டில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரே கோடாகக் கிறுக்கியிருந்தாள்.

*

பேச்சுத் தேர்வு சென்னையில் நடந்தது. எதிரே உட்கார்ந்த ஸ்பெயின்காரர், "உங்கள் ஊரில் பிடித்த இடம் எது?" என்று கேட்டார். தமிழினி தட்டுவடை செட் கடையைப் பற்றி எட்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டாள்.

அதே வாரம் வேறு இரண்டு செய்திகளும் வந்தன. வாழப்பாடியிலிருந்து அப்பா போன் செய்தார். ஆத்தூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம், பையன் சரவணக்குமார், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சபரிநாதனுக்கும் பாட்டாவிலிருந்து அழைப்பு. கை சரியாகிவிட்டதால் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். எட்டு மாத ஒப்பந்தம்.

செவ்வாய்க்கிழமை இருவரும் இரண்டு செய்திகளையும் பரிமாறிக்கொண்டார்கள். "நல்ல எடமாட்ட இருக்குதுங்க," என்றான் அவன். "எட்டு மாசம் சீக்கிரமா போயிடும்," என்றாள் அவள். தட்டுவடை நமத்துப் போகும்வரை இருவரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது. தட்டுத் தடுமாறி அடித்திருந்தான்.

'ஞாயித்துக்கிழமை அவங்க வாரதுக்கு முன்னால நான் உங்க ஊட்டுக்கு வந்து உங்கப்பாகிட்டப் பேசட்டுங்களா. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க.'

வகுப்பறையில் யாருமில்லை. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தமிழில் எழுதினாள்... அழித்தாள். மறுபடி எழுதினாள்... ஐயோ, இதை எப்படித் தமிழில் சொல்வது? ஒவ்வொரு சொல்லும் அம்மா அப்பா காதில் விழுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர்கள் இருவருக்கு மட்டுமே புரிகிற மொழியில், ஒரே ஒரு வரி.

'சோலோ கியேரோ ஆப்லார் கோந்தீகோ.'

உன்னோடு மட்டும்தான் பேச விரும்புகிறேன். ஆத்தூர்க்காரனோடு இல்லை, வேறு யாரோடும் இல்லை... வாழ்நாள் முழுக்க உன்னோடு மட்டும். அவ்வளவும் அந்த நான்கு சொல்லில் இருப்பதாக அவள் நினைத்தாள். அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதில் வர இருபது நிமிஷம் ஆயிற்று.

'சரிங்க மேடம். தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க.'

மேடமா?

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போன் செய்தாள். மணி அடித்தது... கட் செய்துவிட்டான். வெட்கத்தில் அவள் காது மடல் எரிந்தது. மனசைத் திறந்து கையில் கொடுத்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடுகிறானே! சொன்ன பிறகு பயந்துவிட்டானா? சும்மா கேட்டுப் பார்த்தானா? ஒரு பெண் இதற்கு மேல் எப்படி இறங்கி வருவாள்?

அவள் மறுபடி அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குப் படியிறங்கினாள். பெஞ்சு காலியாக இருந்தது. "அந்த ரிக்காரருக்குப் பயிற்சி முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் கிளினிக்கில் பெருக்கிக்கொண்டிருந்த ஆராயி. தமிழினி எதிர்ச் சந்துப் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்தாள். வெயில் அடித்தது. அவளுக்கு மட்டும் ரோடு மங்கலாகத் தெரிந்தது.

*

திங்கள், செவ்வாய், புதன். சாப்பாட்டில் உப்பில்லை, தூக்கத்தில் ஆழமில்லை. அவன் அனுப்பிய பழைய குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். 'ஓலா, டீச்சர்... இன்னைக்கு வாரேனுங்க, சித்த லேட்டாகும்.' இவ்வளவுதான். அதை எத்தனை முறை கேட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை. எட்டு மாசம் தூரம் போகிறவனுக்காக ஏங்கலாம், திரும்பி வருவான். வேண்டாம் என்று போனவனுக்காக ஏங்குவதை என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை வகுப்பில் அன்றைய பாடம் அதே சொல்தான். சோலோ, பெயருக்கு முன்னால் வந்தால் 'ஒரே ஒரு', பின்னால் வந்தால் 'தனியான'. கரும்பலகையில் உதாரணங்கள் எழுதிக்கொண்டே வந்த கை, அவளைக் கேட்காமலேயே அந்த வரியையும் எழுதிவிட்டது. எட்டு நாளாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த வரி.

"இது... யாராவது தமிழ்ல சொல்லுங்க."

முன்வரிசை சரிதா எழுந்தாள். ஸ்பெயினில் நர்ஸ் வேலைக்குப் போகப் படிப்பவள். துடுக்கான பெண்.

"நான் உங்கிட்டச் சும்மா பேச மட்டும்தான் விரும்பறேன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல." பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்தாள். "அதாவது மிஸ், ஃப்ரெண்ட்ஸாவே இருந்துடலாம்னு நைஸா கழட்டி விடறாங்க!"

வகுப்பே சிரித்தது.

தமிழினியின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

பேச... மட்டும். உன்னோடு மட்டும் அல்ல, பேச மட்டும்!

தமிழில் 'மட்டும்' எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதன் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும், குழப்பமே வராது. ஸ்பானிஷில் அது வாக்கியத்தின் வாசலில் வந்து நின்றுகொண்டது. பின்னால் வருகிற எந்தச் சொல்லை அது பிடித்துக்கொள்ளும் என்பதைக் குரல்தான் காட்டும். அவள் அதைக் குரலில் சொல்லவில்லை. எழுத்தில் அனுப்பிவிட்டாள். எல்லாவற்றையும் காதால் மட்டுமே கற்றவனுக்கு!

'உங்கப்பாகிட்டப் பேசட்டுங்களா' என்று கேட்டவனுக்கு, 'சும்மா பேசிக்கிட்டிருந்தாப் போதும்' என்று பதில். அதைப் படித்துவிட்டு இருபது நிமிஷம் அவன் எப்படி இருந்திருப்பான்?

"மிஸ்... ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல சரிதா. நீ சரியாத்தான் சொன்னே."

வகுப்பை முடித்துவிட்டு முதலில் வாழப்பாடிக்குப் போன் செய்தாள். அப்பா வெங்கடாசலம் காய்கறி மண்டியில் இருந்தார். பின்னால் தக்காளிக் கூடைகள் இறங்கும் சத்தம்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அவங்கள வரச் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"எனக்கு... வேற ஒருத்தர் மேல விருப்பம்பா."

தக்காளிச் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

"யாரு?"

"திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக்ல வேலை."

"நம்மாளுங்களா?"

"இல்லப்பா."

அவள் சேலை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினாள்.

"அவன் கட்டிக்கறேன்னு சொன்னானா?"

"கேட்டாருப்பா. நான்தான் தப்பா பதில் சொல்லிட்டேன். ஸ்பானிஷ்ல."

"அதுக்குத்தாண்டி அந்தப் படிப்பே வேணாம்னேன்!" என்றார் அப்பா. குரல் கோபமாகத்தான் தொடங்கியது. "ஆத்தூர்க்காரங்கள நான் பாத்துக்கறேன். ஆனா இதுக்கு நான் சரின்னு சொல்லல, ஞாபகம் வெச்சுக்க. மொதல்ல அவன நான் நேர்ல பாக்கணும். நீ போயி... உன் பக்கம் உள்ளதைச் சரியாச் சொல்லிட்டு வா. தமிழ்ல சொல்லு."

*

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்தாள். சங்ககிரிக் கோட்டை இடப்பக்கம் வந்து போயிற்று. திருச்செங்கோட்டு மலை தூரத்தில் தெரிந்ததும் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டாள். அவன் ஊரில் இறங்கி இரண்டு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவன் கண்கள், அப்படியே.

"ஆரு சாமி நீயி?"

"நான்... சேலத்துலருந்து வர்றேங்க. ஸ்பானிஷ் டீச்சர்."

அவன் அம்மா சௌந்திரம் அவளை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார்.

"நீதானா அது? ஒரு வாரமா ஊட்டுல பேச்சுமில்ல, சோறுமில்ல. என்னடா சாமின்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மாங்கறான். திங்கக்கிழமை பிளைட்டு. சும்மா உக்கார மாட்டாம மல்லசமுத்திரத்துப் பக்கம் போரு போடப் போயிருக்கறான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவனத் திட்டறதுக்கு வந்திருந்தாலும் சரி, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"திட்ட வரலீங்கம்மா."

"அப்ப காப்பிய வந்து குடிச்சுக்கலாம். மொதல்ல போ சாமி. ஆட்டோக்காரனக் கூப்படறேன்."

ரிக்கின் சத்தம் ஒரு மைல் முன்னாலேயே கேட்டது. மரவள்ளி விளைந்து நின்ற குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் இரண்டு லாரிகள். கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. பாறைத் தூள் வெண்புகையாக எழும்பி எல்லோர் மேலும் படிந்திருந்தது. மாவில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி நாலைந்து பேர். ஓரத்தில் குடையோடு நிலத்தின் சொந்தக்காரம்மா அத்தாயி. அந்த வெள்ளை உருவங்களில் எது அவன் என்று தமிழினிக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அவனும் பார்த்தான். பார்த்தவன் அசையவில்லை.

அவள் வரப்பில் தடுமாறி ஓடிப்போய் நின்றாள். "நான் எழுதினது தப்பு!" என்றாள்.

அவன் காதைக் காட்டித் தலையாட்டினான். கேட்கவில்லை.

"தப்பா எழுதிட்டேன்! பேச மட்டும்னு சொல்லல!"

கேட்கவில்லை. அவன் முகத்தில் தூளுக்கு அடியில் குழப்பம். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை தூரம் வந்து, தமிழில் சொல்ல வந்து, அதையும் இந்தச் சத்தம் தின்கிறதே! கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழிய, வகுப்பில்கூட எழுப்பாத குரலில் கத்தினாள். அவள் வாயைத் திறந்த அதே நேரம் ஆப்பரேட்டர் பொன்னன் பைப் மாற்றுவதற்காக எஞ்சினை நிறுத்தினார்.

"உங்களோட மட்டும்தான் வாழணும்னு சொன்னேன்! வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்!"

காடு முழுக்க அமைதி. குச்சிக்கிழங்கு இலைகூட ஆடவில்லை. நாலைந்து வெள்ளை முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"ஏஞ் சாமி," என்றார் அத்தாயி, குடையைச் சாய்த்துக்கொண்டு, "போருல தண்ணி வருதோ இல்லையோ... இந்தப் புள்ளைக்கு ஒரு பதிலச் சொல்லு."

தமிழினி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

"அப்படி வரப்போரமா வாங்க," என்றான் அவன் மெல்ல.

நடந்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சொன்னாள். கரும்பலகை, சரிதா, வகுப்பின் சிரிப்பு, அப்பா... எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நான் பத்து தடவ படிச்சேனுங்க அத," என்றான் கடைசியில். "ஒவ்வொரு தடவையும், பேச மட்டும், பேச மட்டும்னுதான் காதுல விழுந்துச்சு. காலேஜ் வாத்தியாராப் போறவங்ககிட்ட ரிக்காரன் கேட்டதே தப்புன்னு தோணிப்போச்சு. நீங்க போன் பண்ணினப்ப எடுத்திருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். எடுக்கலீங்க. நீங்க எரக்கப்பட்டு ஏதாச்சும் சொல்லி, அத என்ற காதால கேக்க வேண்டாம்னு... அவ்வளவு வீம்புங்க எனக்கு."

"எனக்கும்தான். மறுபடி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்."

"தமிழினி..."

அவள் நிமிர்ந்தாள். தூள் படிந்த இமைகளுக்கு நடுவில் அந்தக் கண்கள் ஈரமாக இருந்தன.

"அந்த மழையில, நனைஞ்சிட்டே ஸ்கூட்டியக் கிளப்பிட்டுப் போனீங்க பாருங்க... அன்னைக்கே எனக்கு உங்கள நொம்பப் புடிச்சுப் போச்சுங்க. பயிற்சி முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே விரலு சரியாயிருச்சு. அதுக்கப்புறம் கிளினிக்குக்குச் சும்மாதான் வந்துட்டிருந்தேன்."

அவள் அழுதாள், சிரித்தாள், எது முதலில் என்று தெரியவில்லை. அவனுடைய வலது கையைப் பிடித்தாள். விரல்கள் மெல்ல மடங்கி அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன. தழும்பு சொரசொரப்பாக இருந்தது.

"நாளைக்குக் காலையில வாழப்பாடி வரணும். அப்பா உங்கள நேர்ல பாக்கணுமாம்."

"என்ன சொல்லுவாருங்க?"

"தெரியாது. திட்டலாம். சட்டுனு சம்மதிக்க மாட்டார்."

"வாரேனுங்க. திட்டினாலும் உக்காந்து கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்." ஒரு கணம் நின்றான். "திங்கக்கிழமை போயே ஆகோணும். எட்டு மாசமுங்க..."

"போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பைப் மாற்றி முடிந்து பொன்னன் எஞ்சினைப் போட்டார். கம்ப்ரசர் உறுமியது. வெண்புகை மறுபடி எழும்பி வரப்புவரை வந்து இருவர் மேலும் படிந்தது. அவன் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே இருந்தான். அவளுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்று அவளும் கேட்கவில்லை. அவன் கையை விடாமல், அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.